ஒரு மடித் தவிடு

எங்கள் வீட்டில் யானைகள் நீல நிறமாகத்தான் பிறக்கும். அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். நைனா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். பட்டறையில் போட்டுக்கொள்ளும் நீல டிரில் சட்டையும் கால்சட்டையும் முட்டியில் தேய்ந்து, இனி ஒட்டுப்போட இடமில்லை என்று ஆனதும், அம்மா அவற்றைச் சவுக்காரம் போட்டுக் கொதிக்கவைத்து எண்ணெய்க் கறையைப் போக்குவாள். கறை முழுசாகப் போகாது. போகாத இடம் யானையின் வயிற்றுக்கு அடியில் வரும்படி பார்த்து வெட்டுவாள். யானை எங்கேயாவது நீலமாக இருக்குமா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "நீ எத்தினி யானையப் பாத்த?" என்று திருப்பிக் கேட்டிருப்பாள். அம்மாவுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. திருப்பிக் கேட்டுத்தான் பழக்கம். எனக்கும் அதே வாய் வந்திருக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு சந்தில் எங்கள் ஓட்டு வீடு. ஒரு பக்கம் இஞ்சின் கூவும், இன்னொரு பக்கம் கப்பல் கூவும். தூக்கத்திலேயே எது எது என்று சொல்லிவிடுவோம். சந்து முனையில் மாதா கோயில். அதை ஒட்டி ஒரு மடம். மடத்தில் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மடத்துத் தோட்டத்தில் பந்தல் போட்டு ஒரு விற்பனை நடக்கும். சீமைக்குக் கப்பலேறப் போகிற துரைசாணிகள் வந்து, இந்த ஊர் ஞாபகமாக இருக்கட்டும் என்று துணிப்பொம்மை வாங்கிப் போவார்கள். அந்தப் பொம்மைகளை எங்கள் சந்துப் பெண்கள்தான் வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்தார்கள்.

அதில் அம்மாவின் கை பேர்போன கை. ஆயா பொம்மை, பால்காரி பொம்மை, காக்கிப் பையோடு தபால்காரர், தலையில் கூடை வைத்த மீன்காரி, அப்புறம் நீல யானை. நம்மை விட்டுப் போகிறவர்கள் நம்மையே சின்னதாகச் செய்து பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது இப்போது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. அப்போது பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டுத் தபால்காரர் லண்டனில் இறங்கி வீடு வீடாகத் தபால் கொடுப்பார் என்று மனமார நம்பினேன்.

பொம்மை தைக்கிற வேலை ஒரு தினுசான வேலை. காடாத் துணியில் உடம்பை இரண்டு பாதியாக வெட்டி, உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கெட்டித் தையல் போடுவாள் அம்மா. விலாவில் மட்டும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தைக்காமல் விடுவாள். அதற்கு வாய் என்று பெயர். அந்த வாய் வழியாக விசிறிக் காம்பை விட்டு, கை, கால், தலை என்று ஒவ்வொன்றாக வெளியே தள்ளித் திருப்புவாள். யானையின் தும்பிக்கையைத் திருப்புவதுதான் பாடு. பாதி வழியில் சிக்கிக்கொண்டு வரவே வராது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, "வா கண்ணு, வா கண்ணு" என்று அதனிடம் கெஞ்சுவாள். வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விடுவோம். திருப்பி முடித்த உடம்புகள் எலும்பில்லாமல், முகமில்லாமல் கொடியில் வரிசையாகத் தொங்கும்.

உள்ளே அடைப்பது தவிடு. இலவம் பஞ்சு தலையணைக்குத்தான் சரி, பொம்மைக்கு ஆகாது என்பது அம்மாவின் கட்சி. பஞ்சு அடைத்த பொம்மையை உட்காரவைத்தால் குடிகாரன் மாதிரிச் சாயும். தவிடு அடைத்தால் கனம் இடுப்பில் இறங்கி, மனுஷர் மாதிரி நிமிர்ந்து உட்காரும். நெல் மில்லிலிருந்து சித்தப்பா மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். அதைச் சலித்து, உமி நீக்கி, வேப்பிலைப் பொடி கலந்து, இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறியதும் ஒரு பெரிய தகர டின்னில் கொட்டி இறுக மூடிவைப்பாள். வறுக்காவிட்டால் கப்பல் நடுக்கடலில் போகும்போது பொம்மைக்குள் வண்டு பிறந்து துரைசாணியின் பெட்டியெல்லாம் ஊரும் என்பாள்.

தவிடு வறுபடுகிற வாசனை இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒன்றை நான் இன்றுவரை முகர்ந்ததில்லை. சோறும் இல்லை, மண்ணும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசனை. மத்தியானங்களில் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு தூண்போல இறங்கும். அதற்குள் தவிட்டுத் தூசி பொன்னாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நான் பாயில் மல்லாந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொடியில் தொங்குகிற பொம்மைகள் கடல் காற்றில் லேசாக உப்பும், அமுங்கும். அவை மூச்சு விடுகின்றன என்று எனக்குத் தோன்றும். தவிட்டுக்குள்ளேதான் உயிர் இருக்கிறது, அதை உள்ளே போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றும் தோன்றும். தூங்கிக்கொண்டே நினைத்தேனா, விழித்துக்கொண்டே கனவு கண்டேனா, சொல்லத் தெரியவில்லை. ஆறோ ஏழோ வயசு.

தவிடு என்றால் எனக்கு மதிப்பு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னையே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒரு அர்ச்சிஷ்டவளின், அதாவது ஒரு புனிதையின் பெயர், ரொம்ப நீளம். சந்தில் என்னைக் கூப்பிடுவது தவுடு. பிறந்த பிள்ளை தங்காத வீடுகளில் அப்படி ஒரு வழக்கம். அடுத்துப் பிறக்கிற பிள்ளையை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, மரக்காலில் தவிடு அளந்து போட்டு அவளிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். விலைக்கு வாங்கின பண்டத்தின் மேல் எமனுக்குப் பாத்தியதை கிடையாது என்பது கணக்கு. சாமியார் பிரசங்கத்தில் இதை அஞ்ஞானம் என்று திட்டுவார். ஜனங்கள் பயபக்தியோடு ஆமென் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தவிடு அளப்பார்கள்.

இதைக் கேலிக்கு இழுப்பவர் சித்தப்பா. நைனாவின் தம்பி. துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர், எங்களோடுதான் இருந்தார். வாயைத் திறந்தால் கேலி, மூடினால் குறட்டை. நான் எதற்காவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் போதும். "இன்னா தவுடு, மூஞ்சு இப்டி கீது? உன்ன வாங்கறப்ப நல்ல தவுடா பாத்து குட்த்துட்டோம், அதான் இவ்ளோ வாயி. கொஞ்சம் உமி கலந்து குட்த்திருக்கணும்" என்பார்.

எனக்கு மட்டும் இந்தப் பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் சந்தில் தவிட்டுக்கு வாங்கப்படாத பிள்ளையே கிடையாது. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை அடம் பிடித்தாலும், 'உன்னத் தவுட்டுக்குத்தான் வாங்கினோம், திருப்பிக் குடுத்துடுவோம்' என்பார்கள். மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டு ஓவென்று அழும். நான் அழமாட்டேன். குழந்தை எங்கிருந்து வருகிறது என்கிற கேள்விக்குப் பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், எனக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் இதுதான். கொண்டுபோய்க் கொடுக்கத் தவிடு இருந்தால் குழந்தை கிடைக்கும். இதில் அழ என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு மட்டும் இந்தக் கேலி ஆகாது. அவள் என்னைத் தவுடு என்று கூப்பிட்டதே இல்லை. ஒருநாள் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே அதை ஆரம்பித்தபோது, கத்தரிக்கோலைத் தரையில் ஓங்கி அடித்து, "இன்னொரு தபா அந்தப் பேச்சு இந்த வூட்ல வந்துச்சுன்னா உனக்கு இங்க சோறு கெடயாது" என்றாள். சித்தப்பாவுக்குச் சோறுதான் சகலமும். நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாய் தவறிடுச்சு அண்ணி" என்றார். இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

சந்துக்கு மீன் கொண்டுவருகிறவள் காசிமேட்டுக் குப்பத்துக்காரி. நாங்கள் மீன்காரம்மா என்போம். ஒவ்வொரு வாசலிலும் கூடையை இறக்கி, "சங்கரா கீது, காரப்பொடி கீது" என்று கூவுவாள். எங்கள் வாசலில் மட்டும் இறக்க மாட்டாள், கூவவும் மாட்டாள். எட்டி நடைபோட்டுத் தாண்டிவிடுவாள். அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துத்தான் அவளிடம் மீன் வாங்குவாள். என்றைக்கோ அழுகல் மீன் என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்திருக்கும் என்று நான் தீர்மானித்திருந்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுடைய பிள்ளைகள் மட்டுமே ஒரு வரிசையை அடைத்துக்கொண்டு முட்டி போட்டிருக்கும் என்பது. அவ்வளவு பிள்ளைகள்.

அந்த வருஷம் மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பிறந்தான் என்றுதான் சொல்ல முடியும், இருந்தான் என்று சொல்ல முடியாது. அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். தூளி கட்டுவதற்கென்று விட்டத்தில் மாட்டிய கயிறு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது எல்லாருக்கும் தோன்றி யாருக்கும் கை வரவில்லை.

அம்மா உடம்பு தேறுவதற்குள்ளேயே ஊசியை எடுத்துவிட்டாள். மடத்து வேலை இருந்தது. ஆனால் முன்போல அவள் பேசவில்லை. தும்பிக்கையிடம் கெஞ்சவில்லை. தவிட்டை அளவுக்கு மேல் திணித்துத் தையல் விட்டுப்போயிற்று. அடைத்து முடித்த யானையை மடியில் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பாள். தவிடு படிவதற்காகத் தட்டுகிறாள் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் அவள் தோள் குலுங்கியது. சத்தமே இல்லை. யானையின் நீலத்தில் சொட்டுச் சொட்டாகக் கருநீலம் விழுந்தது. நான் தூங்குவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. அம்மா அப்படி அழுதால் உலகத்தில் வேறு எதுவும் சரியாக இருக்காது. அவளுக்கு ஒரு குழந்தை வேண்டும். அது இல்லாததுதான் குறை. குழந்தை வாங்கத் தவிடு வேண்டும். அது நம் வீட்டிலேயே இருக்கிறது. இவ்வளவு சுலபமான விஷயம் இந்தப் பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? நைனா பட்டறை அலுப்பில் மறந்திருப்பார். சித்தப்பாவை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது. சரி, நானே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

அதற்கு நாள் தானாக வந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கட்டுமரங்களையெல்லாம் மணலில் மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள். வானமும் கடலும் ஒரே சாம்பலாகி, காலையா சாயங்காலமா என்று தெரியாத ஒரு வெளிச்சம். வின்ச் ஓடாததால் சித்தப்பா போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். பொம்மைகளுக்குத் தலைமயிர் வைக்கக் கம்பளி நூல் வாங்கிவர அம்மா மடத்துக்குப் போனாள். பத்திரமாக இரு என்று என்னிடமும், பார்த்துக்கொள் என்று குறட்டையிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

தவிட்டு டின்னின் மூடியை என்னால் அசைக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். விரல்தான் சிவந்தது. அப்போதுதான் அலமாரிப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். மடத்துக்குப் போகத் தயாராக இருந்த பொம்மைகள்.

தையல் பிரிக்க எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்குக் கோணல் என்று பட்ட தையலைப் பிரிப்பது எப்போதும் என் வேலைதான். முதலில் யானைகளை எடுத்தேன். யானை வயிற்றில்தான் தவிடு அதிகம். விலாவில் இருக்கிற வாயின் முடிச்சை அறுத்ததும், தவிடு ஒரு பெருமூச்சோடு சரசரவென்று என் பாவாடையில் இறங்கியது. கால் தொய்ந்தது, பிறகு முதுகு, கடைசியில் தும்பிக்கை. மீன்காரி பொம்மைக்கு இடுப்பு அகலம், அவளிடமும் நிறையக் கிடைத்தது. ஆயா பாவம், இளைத்தவள், அவளை விட்டுவிட்டேன். தபால்காரர் உடம்பெல்லாம் வற்றிப்போன பிறகும் முகத்தில் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். அவரிடம், "தம்பி வந்ததும் உனக்குத் திருப்பித் தரேன்" என்று சொன்ன ஞாபகம்.

பாவாடையை மடித்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போவது என்பதில் எனக்கு யோசனையே இல்லை. பிள்ளைகள் அதிகமாக இருக்கிற வீட்டில்தான் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் அவர்களுக்குத் தெரியாது.

குப்பம் அன்று சத்தமில்லாமல் இருந்தது. தூறலில் மணல் கறுத்துப்போய், கட்டுமரங்கள் வயிறு தெரியக் கிடந்தன. மீன்காரம்மா குடிசைக்குள் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள். பழைய வலையில் துணி விரித்துக் கட்டிய தூளியில் எல்லாவற்றிலும் சின்னது தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஏதோ பெரிய மனுஷி வந்துவிட்ட மாதிரி.

"நீ இங்க வரக் கூடாது கண்ணு" என்றாள்.

"தவுடு கொண்டாந்திருக்கேன். அந்தக் கொயந்தயக் குடு" என்றேன். அவள் புரியாமல் விழித்தாள். வியாபாரத்தில் இப்படித்தான் விழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "நல்ல தவுடு. வறுத்தது. உமியே இல்ல. எங்கம்மா அழுதுகினே கீறாங்க. தூங்குதே, அதக் குடு போதும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. அவள் சிரிக்கவில்லை. "தவுட்டுக்கு கொயந்த குடுப்பாங்கன்னு யாரு உனக்கு சொன்னது?" என்றாள்.

"என்னயே அப்டித்தான் வாங்கினாங்க. உனக்குத் தெரியாதா?"

சீப்பு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. மூக்கொழுகிக்கொண்டிருந்த ஒரு பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, "எம்மா, இது நம்ம அக்கா மாரியே கீதும்மா" என்றான். அவன் முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. எதற்கென்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவன் அழுத அழுகையில் தூளியில் இருந்தது விழித்துக்கொண்டு கத்தியது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வா, வூட்ல வுட்டுட்டு வரேன். உங்கம்மா உசுரு துடிச்சுப் பூடும்" என்றாள்.

வியாபாரம் முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். கூடையோடு வீட்டுக்கு வந்து மீன் கொடுக்கிறவள், குழந்தையையும் வீட்டுக்கு வந்து கொடுப்பதுதானே முறை.

அவள் ஒரு முறத்தை எடுத்து, தவிடு நனையாமல் என் மடிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் என் கையைப் பிடிக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் கையைப் பிடிப்பார்கள். இவளோ முறத்தின் விளிம்புகூட என் மேல் படாமல் ஜாக்கிரதையாக நடந்தாள். ரயில் கேட்டில் நிற்கவேண்டியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது போகிறது, போகிறது, முடியவே இல்லை. மழைக்குள்ளிருந்து வந்து மழைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை திரும்பியபோது அவள் வண்டியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை அவள் கம்மலைப் பிடித்து இழுத்தது. அவளுக்கு வலிக்கவில்லை போலிருந்தது.

அம்மா திரும்பி வந்திருந்தாள். அறை நடுவில், தோலாகக் கிடந்த யானைகளுக்கும் மனிதர்களுக்கும் மத்தியில் நின்றுகொண்டு, என் பெயரைச் சொல்லிச் சித்தப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் காடாத் துணியாக வெளுத்தது. அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவள் பாய்ந்து வந்து என்னை உள்ளே இழுத்தாள். மடி அவிழ்ந்து, நான் சுமந்து வந்த தவிடெல்லாம் வாசற்படியில் கொட்டிப்போயிற்று.

"நான் கூப்புடலக்கா. மாதா சத்தியமா நான் கூப்புடல. அதுவா வந்துச்சு" என்றாள் மீன்காரம்மா. படியேறாமல் தூறலிலேயே நின்றாள்.

அம்மா என்னை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, தவிட்டு டின்னை இழுத்து, மூடியைக் கரண்டியால் நெம்பித் திறந்தாள். இரண்டு கையாலும் வாரி வாரி மீன்காரம்மாவின் முறத்தில் போட்டாள். வழிந்து கீழே சிந்தியது. அப்போதும் போட்டாள். "அளந்துக்கோ. பத்தலன்னா இன்னும் தரேன். அளந்துக்கோ" என்று அழுதாள். அம்மா வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னாக்கா இது? ஒரு தபா அளந்தது அளந்ததுதான். குட்த்தத திருப்பிக் கேக்கறவளா நானு?" என்றாள் மீன்காரம்மா. முறத்தைத் திருப்பி நீட்டினாள். அம்மா வாங்காமல் தலையைத் தலையை ஆட்டினாள். இதை எடுத்துக்கொண்டு போனால்தான் இவளுக்கு நெஞ்சு ஆறும் என்று மீன்காரம்மாவுக்குப் பட்டிருக்க வேண்டும். முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு ரொம்ப மெதுவாக, "ஒரே ஒரு தபா தொட்டுக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

சித்தப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.  அம்மா பதில் சொல்லவில்லை, திருப்பியும் கேட்கவில்லை. என்னை இடுக்கியிருந்த முழங்கால்கள் மட்டும் கொஞ்சம் தளர்ந்தன. மீன்காரம்மா முறத்தைப் படியில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். போதாது என்று மழைத் தண்ணீரில் கழுவி மறுபடி துடைத்தாள். என் கன்னத்தில் வைத்தாள். சில்லென்று இருந்தது. மீன் வாசம் போகவில்லை.

தவிடு போய்விட்டதால் அந்த வருஷத்துப் பொம்மைகளுக்கு நைனா பட்டறையிலிருந்து இஞ்சின் துடைக்கிற பஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பொம்மைகள் உட்காரவே இல்லை, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. இந்த வருஷம்தான் எவ்வளவு மிருதுவாக இருக்கின்றன என்று மடத்து மதர் மெச்சினாராம். அம்மா வீட்டுக்கு வந்து, "அவுங்க எத்தினி பொம்ம தச்சாங்களாம்?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் உயிர் வந்தது. என்னை யாரும் ஒரு சொல் திட்டவில்லை. அம்மா மட்டும் வெகுநாள் வரைக்கும், மத்தியானம் படுக்கும்போது என் பாவாடை நுனியைத் தன் முந்தானையோடு முடிந்துகொண்டாள். பொம்மையைக் கெடுத்ததற்குத் தண்டனை என்று எண்ணி நானும் பொறுத்துக்கொண்டேன்.

நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அவளுக்கும் மீன்காரம்மாவுக்கும் ஒரே வாரத்தில் பிரசவமாகியிருக்கிறது. அம்மாவுக்குப் பிறந்தது வழக்கம்போலத் தங்கவில்லை. மீன்காரம்மாவுக்குப் பெண். அவள் பிள்ளைகள் எல்லாம் தங்குகிற பிள்ளைகள். பால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த அம்மாவின் பக்கத்தில் தானே வந்து அந்தப் பெண்ணைப் போட்டாளாம். நைனா அன்றே மரக்காலும் தவிடுமாகக் குப்பத்துக்குப் போய், அவள் வாசலில் அளந்து கொடுத்து முறைப்படி வாங்கியிருக்கிறார். இனிமேல் இந்த வாசலில் கூடையைக்கூட இறக்க வேண்டாம், இது உன் முகம் பார்த்தால் என்னிடம் ஒட்டாது என்று அம்மாதான் கேட்டுக்கொண்டாள். அவள் சரி என்றாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். நான் இதைக் கேட்டபோது மீன்காரம்மா இல்லை. மண்ணுக்குள் போய் வருஷமாகியிருந்தது.  யாரிடம் போய் என்னவென்று சொல்ல? சந்து முழுக்க விளையாட்டுக்குச் சொன்ன அந்தப் பேச்சு, எங்கள் ஒரு வீட்டில் மட்டும் நிஜமாக இருந்திருக்கிறது.

அன்றைக்கு மீன்காரம்மா எங்கள் வாசலிலிருந்து திரும்பிப் போனதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் கன்னத்திலிருந்து கையை எடுத்ததும், முறத்தை ஒரு கையிலும் குழந்தையை இடுப்பிலுமாக அவள் திரும்பி நடந்தாள். எனக்கு ஒரு நிமிஷம் நம்ப முடியவில்லை. தவிடும் போகிறது, குழந்தையும் போகிறது! அம்மா மறுபடி அழப்போகிறாள். நான் வாசற்படியில் நின்று, சந்தே கேட்கும்படி, "தவுட்ட வாங்கிக்கினு கொயந்தய எடுத்துக்கினு போறியே, ஏமாத்துக்காரி! ஏமாத்துக்காரி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். மீன்காரம்மா ஒரு கணம் நின்றாள். திரும்பவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, சந்து முனை வரைக்கும் தலையைக் குனிந்தபடியே போய் மழையில் மறைந்தாள். ஏமாற்றிவிட்டுப் போகிறவளுக்கு என் முகத்தைத் திரும்பிப் பார்க்க எப்படித் தைரியம் வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.